மருந்து பூசிய பாதி

நூர் ஜமீலா தாவரவியல் பேராசிரியர். பொற்கொடி அவரிடம் ஆராய்ச்சி மாணவி. மாணவிதான் ஐந்து வயது மூத்தவர், பள்ளிக்கூட டீச்சர் வேலையை விட்டுவிட்டு வந்தவர். அதனால் மாணவி மேடம் என்பார், பேராசிரியர் அக்கா என்பார்.

பொற்கொடிக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருஷம் கழித்து ஒரு பிள்ளை பிறந்தான். ஐந்தாம் நாள் போய்விட்டான். பத்தாம் நாளே, பாவம், அவர் ஆய்வுக்கூடத்தில் வந்து நின்றார். சேலை மார்பில் நனைந்திருந்தது. கையில் வாழையிலைப் பொட்டலம்.

"என்னக்கா இது?"

"மல்லிகைப்பூ. மார்ல வச்சுக் கட்டினா பால் வத்திடும்னு மாமியார் கொடுத்தாங்க."

"கட்டலையா?"

"மனசு வரல. அவன் வந்துட்டுப் போனதுக்கு இது ஒண்ணுதான் மிச்சம். ஆஸ்பத்திரியில தாய்ப்பால் வங்கிக்குக் கேட்டாங்க. அதுக்கும் மனசு வரல. அவன் பாலை யாரோ பெத்ததுக்கு எப்படிக் கொடுப்பேன்?" அழுதுவிட்டார். "அவனே இல்ல. இது யாருக்கு மேடம் சுரக்குது?"

நூர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். ஜன்னலோரத் தொட்டிச் செடியில் ஓர் இலையைப் பிடித்து, பாதிக்கு மட்டும் களைக்கொல்லி பூசினார். இருவரும் டீ குடித்தார்கள். பிறகு ஜன்னலைச் சாத்தி, நீல விளக்கைப் போட்டு, சிவப்புக் கண்ணாடி ஒன்றை நீட்டினார்.

"என்ன தெரியுது?"

"மருந்து பூசின பாதி செக்கச்செவேல்னு ஒளிருது. மத்தது மங்கலா கிடக்கு."

"ஏன்?"

பாடம் என்றதும் டீச்சர் குரல் வந்துவிட்டது. "வெளிச்சம் பட்டா பச்சையத்திலேர்ந்து எலக்ட்ரான் கிளம்பும். கைக்குக் கை மாறிப் போகும். காலியான இடத்தைத் தண்ணி நிரப்பும். அப்படித்தான் இலை சோறு சமைக்குது. மருந்து அடுத்து வாங்குற கையை மறிச்சிடுச்சு. வெளிச்சம் மட்டும் வந்துக்கிட்டே இருக்கு. அதான்..."

நிறுத்திவிட்டார்.

"அதான்?"

"வாங்கின வெளிச்சம் போக வழியில்லாம சிவக்குது."

"வெயில்லயே விட்டா?"

"கருகிடும்."

கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்காமலே பொற்கொடி கேட்டார். "கொடுத்துட்டா இருக்கிற மிச்சமும் போயிடுமே மேடம்?"

நூர் ஜன்னலைத் திறந்தார். பொற்கொடியின் விரலைப் பிடித்து, மருந்து படாத பாதியில் மெல்ல வைத்தார்.

"காலையிலேர்ந்து இது கொடுத்துக்கிட்டேதான் இருக்கு. தீர்ந்துடுச்சாக்கா?"

 பொற்கொடி பூப்பொட்டலத்தை மேஜையில் வைத்துவிட்டு, போனில் ஆஸ்பத்திரி நம்பரைத் தேடினார்.