மரத்துக்குப் பின்னால் ஒளிந்த இருவாச்சி

ஒரு மலைக்காட்டில், வானத்தைத் தொடுகிற மாதிரி வளர்ந்த ஒரு மரத்தின் பொந்தில், இரண்டு இருவாச்சிப் பறவைகள் குடித்தனம் நடத்த வந்தன. ஆணுக்குக் கண் சிவப்பு, பெயர் செங்கண்ணன். பெண்ணுக்குக் கண் வெள்ளை, பெயர் வெண்கண்ணி.

இருவாச்சிகளின் வழக்கம் உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, சொல்லிவிடுகிறேன். முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, மண்ணையும் பழச்சக்கையையும் குழைத்து வாசலை அடைத்துவிடும். அலகை நீட்டும் அளவுக்கு ஒரு சந்து மட்டும் இருக்கும். உள்ளே அதன் இறகுகளும் உதிர்ந்துபோகும். பிள்ளைகள் பொரிந்து வளர்ந்து வாசலை உடைக்கும் வரை, அத்தனை வாய்க்கும் ஆண் ஒருவன்தான் இரை தேடிக் கொண்டுவர வேண்டும்.

அந்தக் காட்டில் வாசலை அடைக்கும் நாளில் ஒரு விருந்து வைப்பார்கள். அடைப்பு விருந்து என்று பெயர். பத்துப் பழம் வைத்தாலும் விருந்துதான். ஆனால் பக்கத்துக் குன்றில் யாரோ ஒரு இருவாச்சி இருநூறு அத்திப்பழம் வைத்துவிட்டதாம். அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து செங்கண்ணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

நேரே மலையணிலிடம் போனான். மலையணிலுக்குச் சொந்தமாக ஒரு பெரிய அத்திமரம் இருந்தது. காட்டில் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அண்ணாச்சி, ஒரு முந்நூறு பழம் கடனா வேணும்!"

"முந்நூறா! எதுக்கு தம்பி?"

"அடைப்பு விருந்துக்கு."

"உன்கிட்ட இருக்கறதை வெச்சு நடத்தேன். உள்ளே ஒருத்தி, வரப்போற குஞ்சுங்க, எல்லாத்தையும் நீ ஒருத்தன் காப்பாத்தணுமே!"

"நாலு பேர் என்ன நினைப்பாங்க அண்ணாச்சி? ஒரே மாசம். திருப்பிக் கொடுத்துடறேன்!"

மலையணில் கொடுத்தது. விருந்து தடபுடலாக நடந்தது. குரங்குகள் தின்றன, மைனாக்கள் தின்றன, மரங்கொத்திகள் தின்றன. எல்லோரும் வாயைத் துடைத்துக்கொண்டு, "செங்கண்ணன்னா செங்கண்ணன்தான்!" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அடைத்த வாசலுக்குள்ளிருந்து வெண்கண்ணி கேட்டாள்.

"ஏங்க, இவ்வளவு பழம் ஏது?"

"எல்லாம் நான் சேர்த்து வெச்சதுதான்" என்றான் செங்கண்ணன். அவன் அவளிடம் சொன்ன முதல் பொய் அது.

ஒரு மாதம் போயிற்று. இரண்டு குஞ்சுகள் பொரிந்தன. மூத்தது ஆண், இளையது பெண். இளையது சின்னதாக இருந்ததால் பொடிச்சி என்று பெயர் வைத்தார்கள். அதே நேரம் பார்த்துக் காட்டில் அத்திப்பழம் ஓய்ந்துவிட்டது. கண்ட இடத்திலெல்லாம் தேடி நாலு பழம் கிடைத்தால் பெரிய காரியம். அந்த நாலையும் கடனுக்குக் கொடுப்பதா, பிள்ளை வாயில் போடுவதா? முந்நூறுக்கு எங்கே போவது?

போய் உள்ளதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அண்ணாச்சியின் மரத்தை நினைத்தாலே கழுத்து சூடாகிவிடும். அதனால் அந்தப் பக்கமே போகக் கூடாது என்று முடிவு செய்தான்.

ஆனால் இருவாச்சிக்கு ஒரு தொல்லை உண்டு. இறக்கையை அடித்தால் 'உஸ்ஸ் உஸ்ஸ்' என்று சத்தம் அரை மைலுக்குக் கேட்கும். காட்டு ஜாதிக்காய் மரங்களுக்கு இரை தேடிப் போகும் நேர்வழி அண்ணாச்சி மரத்தை ஒட்டித்தான்; அதில் பறந்தால் அவருக்குக் கேட்டுவிடுமே! செங்கண்ணன் என்ன செய்தான் தெரியுமா? இரண்டு குன்றைச் சுற்றிக்கொண்டு போனான். பாறை உச்சியில் ஏறி, இறக்கையை அடிக்காமல் விரித்தபடி, காற்றில் மிதந்து மிதந்து வந்தான். நாளைக்குப் பத்து தடவை இரை கொண்டுவந்தவன் இப்போது மூன்று தடவைதான் வர முடிந்தது.

வழியில் ஒரு மைனா பார்த்துவிட்டது. விருந்தில் பன்னிரண்டு பழம் விழுங்கிய மைனா.

"என்ன செங்கண்ணா, ஊரைச் சுத்திப் போறே? நேர்வழி மறந்து போச்சா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தது. செங்கண்ணன் காதில் விழாதவன் போலப் போய்விட்டான். விழாமலா இருந்திருக்கும்!

வீட்டில் வெண்கண்ணி கேட்டாள்: "ஏங்க, உங்க இறக்கைச் சத்தமே கேட்கறதில்லையே? முன்னெல்லாம் தூரத்துல சத்தம் கேட்டதுமே பிள்ளைங்க வாயைத் திறந்துக்கும்!"

"தோள்பட்டை வலிக்குது. மெதுவாப் பறக்கறேன்."

"ஐயோ, அப்ப கொஞ்சம் ஓய்வா இருங்க. எனக்கு வேணாம், நான் அப்புறம் சாப்பிட்டுக்கறேன்" என்று தன் பங்கையும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாள். வலிக்காத தோளைப் பார்த்து அவள் பரிதாபப்பட்டது அவனுக்கு என்னவோ போல் இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

நாளாக ஆக வெண்கண்ணி இளைத்தாள். மூத்தவன் சதா அழுதான். பொடிச்சிக்குக் கழுத்து நிற்காமல் தொங்க ஆரம்பித்தது. மழை பிடித்துக்கொண்டால் இரை இன்னும் குறையும். அதற்குள் உடம்பு தேறாவிட்டால் பொடிச்சி பிழைக்க மாட்டாள். இது செங்கண்ணனுக்கு நன்றாகவே தெரியும்.

ஒரு நாள் மதியம். வெண்கண்ணி பசிக் களைப்பில் கண்ணயர்ந்திருந்தாள். செங்கண்ணன் கொண்டுவந்த இரண்டு பழத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் தள்ளி ஒரு கிளை சடசடவென்று ஆடியது. பார்த்தால், அண்ணாச்சி! மரத்துக்கு மரம் தாவி இந்தப் பக்கம்தான் வந்துகொண்டிருந்தது.

செங்கண்ணன் சந்தில் அலகை வைத்து, "பொடிச்சி! யாராவது கேட்டா அப்பா இல்லைன்னு சொல்லு!" என்று கிசுகிசுத்தான். சொல்லிவிட்டு மரத்தின் பின்பக்கம் போய் ஒட்டிக்கொண்டான்.

அண்ணாச்சி வந்து எதிர்க்கிளையில் உட்கார்ந்தது.

"செங்கண்ணா! இருக்கியா?"

சந்திலிருந்து ஒரு சின்ன அலகு எட்டிப் பார்த்தது. "அப்பா இல்லையே! அடுத்த மலைக்குப் போயிருக்கார். அங்கே ஒருத்தருக்கு உடம்பு சரியில்லை. வர நாலு நாளாகும்!"

அடுத்த மலை, உடம்பு சரியில்லாதவர், நாலு நாள்... இதையெல்லாம் செங்கண்ணன் சொல்லித் தரவே இல்லை. பிள்ளை தானாகச் சேர்த்துக்கொண்டது. கழுத்து நிற்காத பிள்ளை, ஒரு திக்கல் திணறல் இல்லாமல், எவ்வளவு நன்றாகப் பொய் சொல்கிறது! 

அண்ணாச்சி பொந்தைப் பார்த்தது. மரத்தைப் பார்த்தது. நாலடி நீளப் பறவை எந்த மரத்துக்குப் பின்னால்தான் முழுசாக ஒளிய முடியும்?

"சரி கண்ணு. அப்பா வந்ததும் ஒரு விஷயம் சொல்லிடறியா?"

"சொல்றேன்!"

"அடுத்த தடவை ஒளியும்போது வாலை மடக்கிக்கச் சொல்லு."

அவ்வளவுதான். மேலே ஒரு வார்த்தை பேசாமல் அண்ணாச்சி தாவிப் போய்விட்டது.

அதற்குப் பதில் அது நாலு திட்டுத் திட்டியிருக்கலாம். செங்கண்ணனுக்கு அந்த மரத்தோடு மரமாக உறைந்துவிட மாட்டோமா என்று இருந்தது. மெல்ல முன்பக்கம் வந்தான். பொடிச்சி அலகை நீட்டி, "அப்பா, நான் சரியாச் சொன்னேனா?" என்று ஆசையாகக் கேட்டாள். அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பேச்சுச் சத்தத்தில் வெண்கண்ணி விழித்துவிட்டிருந்தாள்.

"ஏங்க, வந்தது யாரு?"

இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது? செங்கண்ணன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னான். முந்நூறு பழம், சுற்றுவழி, வராத தோள்வலி, ஒன்று விடாமல் சொன்னான். 

வெண்கண்ணி சந்து வழியாக அவனைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"கடன் வாங்கினது தப்புதான். அதைக்கூட விடுங்க. நான் உங்க தோள்வலியை நினைச்சு என் சோத்தை விட்டேன். இந்தப் பிள்ளை உங்களுக்காகப் பொய் சொல்லுது. நீங்க யாரைப் பார்த்து வெட்கப்படணும், அந்த அணிலையா?"

செங்கண்ணன் அப்போதுதான் பொடிச்சியின் முகத்தை நிமிர்ந்து பார்த்தான்.

"இப்பவே போங்க. அவர் என்ன கேட்டாலும் ஒத்துக்கோங்க. ஆனா பிள்ளைங்க வயிறு நிறைஞ்ச பிறகுதான் மிச்சம்னு கண்டிப்பாச் சொல்லிடுங்க."

செங்கண்ணன் கிளம்பினான். இந்தத் தடவை சுற்றுவழி இல்லை. 'உஸ்ஸ் உஸ்ஸ்' என்று இறக்கை காடு முழுக்கக் கேட்டது. குரங்குகள் அண்ணாந்து பார்த்தன. "ஓடி ஒளிஞ்சவன் வெளியே வந்துட்டான்டா!" என்று ஒன்று கத்தியது. அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் பறந்தான்.

"அண்ணாச்சி, தப்பு பண்ணிட்டேன். முந்நூறு பழம் என்னால இப்பத் தர முடியாது. அத்திப்பழமே இல்லை. பிள்ளைங்க பட்டினி கிடக்குது."

அண்ணாச்சி மீசையை நீவிக்கொண்டது.

"முந்நூறு அத்திப்பழமா? மழைக்காலம் வரப்போற நேரத்துல அதை வாங்கி நான் என்ன பண்ண? மூணே நாள்ல அழுகிப் போகும்! ஒரு தடவை வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. உன் பிள்ளைங்க காட்டு ஜாதிக்காய் தின்னுமா?"

"அதைத்தான் அண்ணாச்சி இப்ப அதிகமாத் தின்னுதுங்க. மேல இருக்கற சிவப்புத் தோலைத் தின்னுட்டுக் கொட்டையைத் துப்பிடும்."

"அந்தக் கொட்டையைக் கொடு. எனக்கு மழைக்காலச் சேமிப்புக்கு ஆகும்!"

செங்கண்ணன் திகைத்து நின்றான். பிள்ளைகள் நாள்தோறும் துப்பிய கொட்டை எல்லாம் அவன் மரத்தடியிலேயே அல்லவா கிடந்தது!

"ஒரு பழத்துக்கு ஒரு கொட்டைதானே அண்ணாச்சி?"

"போன மாசமே வந்திருந்தா ஒண்ணு. என்னை இத்தனை நாள் காக்க வெச்சதுக்கு ரெண்டு. ஆக அறுநூறு!"

செங்கண்ணன் ஒத்துக்கொண்டான். பிள்ளைகள் சாப்பிட்ட பிறகுதான் என்பதையும் கண்டிப்பாகச் சொன்னான். "தின்னாத்தானே கொட்டை விழும்! நல்லாத் தின்னச் சொல்லு" என்றது அண்ணாச்சி.

வீட்டுக்கு ஓடிவந்து மரத்தடியைக் கிளறினான். பாதிக் கொட்டை முளைவிட்டு வீணாகியிருந்தது. மீதியை முள்ளம்பன்றி தூக்கிக்கொண்டு போயிருந்தது. ஒளிந்து திரிந்த நாளில் காலடியில் கிடந்த கடனின் பெரும்பகுதி இப்படிப் போனது என்று நினைக்க நினைக்க அவனுக்கு ஆறவில்லை. முதலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

ஆரம்பித்தான். நேர்வழியில் பறந்ததால் நாளைக்குப் பத்து தடவை இரை வந்தது. பிள்ளைகள் தின்னத் தின்னக் கொட்டை விழுந்தது. விழுந்ததைப் பொறுக்கி அன்றைக்கன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்தான். சில நாள் பதினைந்து, சில நாள் ஐந்தாறு. பலத்த மழையில் ஒன்றுமே இல்லை. அந்த நாளிலும் போய், "இன்னிக்கு இல்லை அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வந்தான். சொல்லும்போதெல்லாம் கூசத்தான் செய்தது. ஆனால் பொடிச்சிக்குக் கழுத்து நின்றுவிட்டது. வெண்கண்ணிக்குப் புது இறகு முளைத்தது.

ஒரு நாள் வெண்கண்ணி வாசலை உடைத்தாள். பிள்ளைகள் தத்தித் தத்திக் கிளைக்கு வந்தன. அதைக் கேள்விப்பட்டுக் குரங்கும் மைனாவும் மரங்கொத்தியும் திரண்டு வந்துவிட்டன.

"வாசல் திறந்தாச்சு! விருந்து எங்கே செங்கண்ணா?" என்றது மைனா. "அடைப்புக்கு முந்நூறு வெச்சவன் திறப்புக்கு ஐந்நூறாவது வைக்க வேணாமா?"

கூட்டத்தோடு வந்திருந்த அண்ணாச்சியும் மெல்லச் சொன்னது: "என் மரம் மறுபடி காய்ச்சிருக்கு தம்பி. வேணும்னா வாங்கிக்கோ!"

எல்லாக் கண்களும் செங்கண்ணன் மேல் இருந்தன. பழையபடி கழுத்து சூடாயிற்று.  ஆனாலும் சொல்லிவிட்டான்.

"விருந்து இல்லை. எனக்கு வசதி இல்லை. போன விருந்துக் கடனே இன்னும் நூற்றிருபது கொட்டை பாக்கி இருக்கு!"

கூட்டம் சலசலத்தது. மைனா அலகைச் சுளித்துக்கொண்டு பறந்தது. குரங்குகள், "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்!" என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கின. ஒருவரும் சொல்லிக்கொண்டு போகவில்லை. அண்ணாச்சி மட்டும் தலையை ஆட்டிவிட்டுப் போனது. கொஞ்ச நேரத்தில் கிளை காலியாகிவிட்டது. செங்கண்ணன் தலைகுனிந்து நின்றான்.

பொடிச்சி கேட்டாள்: "அப்பா, எல்லாரும் ஏன் போயிட்டாங்க?"

"நம்மகிட்ட இல்லைன்னு சொன்னேன். அதனால போயிட்டாங்க."

"அவ்வளவுதானா?"

செங்கண்ணன் யோசித்துப் பார்த்தான். இந்த ஒன்றுக்குப் பயந்துதான் கடன் வாங்கினான். இந்த ஒன்றுக்குப் பயந்துதான் பொடிச்சியைச் சாவு வரைக்கும் பட்டினி போட்டான்.

"அவ்வளவுதான்" என்றான். அவன் கண் கலங்கியது.

பொடிச்சி அதற்குள் அடுத்த பழத்துக்கு வாயைத் திறந்தாள்.

பிள்ளைகளே, பெரியவர்களே, கடன்பட்டவன் வெட்கப்பட்டு ஒளிந்துகொண்டால் அந்த வெட்கத்துக்கு அவன் பிள்ளைகள்தான் பசி கிடந்து விலை கொடுக்க வேண்டியிருக்கும். அதனால் கையில் இல்லாததை இல்லை என்று முகம் பார்த்துச் சொல்லிவிடுவதே நல்லது.