கத்தரிக்கோலுக்கு அறுபது வணக்கம்

ஜப்பானில் பழைய ராஜாங்கம் போய்ப் புது ராஜாங்கம் வந்த புதிது. சாமுராய்களுக்கு உட்கார்ந்து தின்ற மானியம் போச்சு. மிடுக்கு மட்டும் போகவில்லை.

மொகுதாயு என்ற சாமுராய்க்குப் போலீஸ் வேலை காத்திருந்தது. ஒரே நிபந்தனை: மத்தியானத்துக்குள் உச்சிக்குடுமியை வெட்டிவிட்டு வரவேண்டும். நாவிதர் கியூசுகேயின் கடைக்குள் இடி மாதிரி நுழைந்தார்.

"ஏய்! குடுமியை எடு. ஆனால் உன் கை என் தலையை நோக்கி ஒரு விரற்கடை நகர்ந்தாலும் உன் தலை உருளும்!" என்று வாளைத் தட்டிக் காட்டினார்.

கியூசுகே தன் கழுத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். "உள்ளே இருட்டுங்க எஜமான்" என்று தெருவுக்கு முதுகு காட்டி வாசற்படியில் உட்கார்ந்தார். கத்தரிக்கோலை முழங்கால்மேல் விரித்துப் பிடித்தார்.

"என் கை நகராதுங்க. உங்க தலைதான் தயவு பண்ணி வரணும்."

அவருக்கு எதிரே, தெருவைப் பார்த்து நின்ற மொகுதாயு முறைத்தார். வேலையை நினைத்தார். குனிந்தார். நறுக்! மெழுகு பூசிய குடுமி விறகு மாதிரி இருந்தது. நாலு முடிதான் விழுந்தது. நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். நறுக்! இப்படி அறுபது தடவை.

தங்களைத்தான் வணங்குகிறார் என்று நினைத்துத் தெருவே திரண்டுவிட்டது. அந்த ஊரில் ஒருவர் குனிந்து வணங்கினால் பதிலுக்குக் குனிந்தே ஆகவேண்டும். மீன்காரி கூடையோடு குனிந்தாள். தபால்காரர் பையோடு குனிந்தார். அவர்களும் அறுபது தடவை!

கடைசியில் குடுமி விழுந்தது. மொகுதாயு மூச்சு வாங்கிக்கொண்டே கிசுகிசுத்தார்: "யாராவது பார்த்தாங்களாடா?"

"சேச்சே! எல்லாரும் குனிஞ்சுல்ல இருந்தாங்க எஜமான்!"