சட்டியில் மீந்தது

குருநாதர் மூன்று ஊர் நடந்து வந்திருந்தார். கால் வீங்கியிருந்தது. அவர் உட்காரும்வரைகூட நல்லசிவம் பொறுக்கவில்லை.

"சாமி, நீங்கதான் அவளுக்குச் சொல்லணும். ஆறு மாசம் ஆச்சு. ரெண்டு மாசமா எடையே ஏறலை. வயித்துல சத்தில்லாம வளந்தா, பிள்ளைக்கு நாப்பது வயசுக்கு மேலகூட நோய் வரலாமாம். டாக்டரம்மா சொல்றாங்க."

"நீ என்ன செஞ்சே?"

நல்லசிவம் சுவரைக் காட்டினான். டாக்டர் கொடுத்த தாளைக் கூடத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டியிருந்தான். கீரை, பயறு, பால், கொய்யா. தினம் அரை மணி நேரம் நடை.

"காலையில தவறாம படிச்சுக் காட்டறேன். எல்லாம் வாங்கிப் போடறேன். உடம்புல ஒட்டலையே. நடன்னா நடக்கறதும் இல்ல."

அவன் மனைவி செங்கமலம் தண்ணீர்ச் செம்போடு வந்தாள்.

"கெணத்துக்கும் அடுப்புக்கும் நடக்கறது சேராதாம் சாமி. தாள்ல போடலையாம்."

"பாத்தீங்களா வாயை?" என்றான் நல்லசிவம்.

இலை போட்டார்கள். குருநாதர், நல்லசிவத்தின் அப்பா, தம்பி, கடைசியில் அவன். செங்கமலம் பரிமாறினாள். உப்புக்கு ஒரு தரம் உள்ளே போனாள். மாமனாரின் வெந்நீருக்கு ஒரு தரம். பிறகு ரசம், மோர். முருங்கைக்கீரை நன்றாக இருந்தது. குருநாதர் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

கை கழுவியதும் நல்லசிவம் மறுபடி ஆரம்பித்தான்.

"நான் என்ன குறை வெச்சேன் சாமி?"

குருநாதர் சுவரிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுப்படியில போய்க் கீரைச்சட்டியைப் பாத்துட்டு வா."

போனான். அவன் சாப்பிட்ட இலையை எடுத்து வைத்துக்கொண்டு செங்கமலம் ரசஞ்சோறு பிசைந்துகொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் இலையில்தான் அவளுக்குச் சாப்பாடு. அவள் சாப்பிடும் நேரம் அவன் கண்ணயரும் நேரம். பார்த்ததில்லை.

சட்டியின் அடியில் ஒரு காம்பு ஒட்டியிருந்தது. பயறுப் பாத்திரம் கழுவக் கிடந்தது.

திரும்பி வந்து நின்றான்.

"காலி, சாமி."

"ரெண்டாம் தரம் வாங்கினது நான்."

நல்லசிவம் தலையைச் சொறிந்தான். "நாளையிலேர்ந்து இன்னொரு கட்டு சேத்து வாங்கிப் போடறேன்."

குருநாதர் கையை ஊன்றி எழுந்து, சுவரைப் பிடித்தபடி அடுப்படிக்குப் போனார். மூலையில் உருவாத முருங்கைக் கொத்து இரண்டு கிடந்தன. தரையில் உட்கார்ந்து உருவ ஆரம்பித்தார்.

"ஐயோ சாமி, நீங்க எதுக்கு? அவ செய்வாளே!"

செங்கமலம் பதறி, எச்சில் கையைத் தரையில் ஊன்றி எழப் பார்த்தாள்.

குருநாதர் ஒரு கொத்தை நல்லசிவத்தின் பக்கம் தள்ளினார். அவளைப் பார்த்துச் சொன்னார்:

"எந்திரிக்காதேம்மா. இன்னும் கீரை வரல."