சூடான காற்றுக்குச் சூடு பத்தாமல் போன கதை

அந்தக் காலத்தில் நெருப்பு, காற்று, பானை, சட்டி எல்லாமே வாய் திறந்து பேசும். ஆனால் யாரும் யார் பேச்சையும் கேட்பதில்லை. அது இன்றைக்கும் அப்படித்தான், விடுங்கள்.

காற்று என்றால் ஒரே ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத இரட்டைப் பிள்ளைகளின் கூட்டம் அது. ஒவ்வொரு ஜோடியும் கை கோத்தபடியே பிறந்தது. தெரிந்த வேலை ஓடுவதும் கரணம் போடுவதும்தான். அவர்கள் வேகமாக ஓட ஓட நமக்குச் சுடும். நெருப்பு ஒரு அகப்பை சூடு ஊற்றினால் காற்றின் சூடு ஒரு படி ஏறும். குளிர்ந்த காற்றானாலும் கொதிக்கிற காற்றானாலும் அதே ஒரு அகப்பைதான்.

இதில் வசமாக மாட்டிக்கொண்டவள் பானை செய்கிற மாரக்காள். அவள் சூளையில் தீ மூட்டியதுமே காற்று தலைதெறிக்க ஓடும். பானையெல்லாம் இளகிக் கட்டியாகிவிடும். கோடை வந்துவிட்டது. ஊரில் தண்ணீர் வைக்க நல்ல பானை ஒன்றுகூட இல்லை. குளத்து மண்ணும் தீர்ந்துபோனது. சூளைக்குள் இருப்பதுதான் கடைசி அடுக்கு.

"நெருப்பண்ணே, கொஞ்சம் மெதுவா!" என்று கும்பிட்டாள்.

"சாப்பிடும்போது பேச்சுக் கொடுக்காதே தாயி," என்றது நெருப்பு, வாய் நிறைய விறகோடு.

சூளை வாயில் குனிந்து இரட்டையரிடம் கெஞ்சினாள். "நிதானமா ஓடுங்க ராசா!" யார் கேட்டது? உள்ளே ஒரு பானை, "ஐயோ, என் கழுத்து கோணுதே!" என்று அலறியது. மாரக்காளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"அடப் பாவிகளா! உங்கள்ல மூத்தவன் எவனோ, அவனுக்காவது புத்தி வேண்டாமா?"

அவ்வளவுதான், ஒரு ஜோடிக்குள் மூண்டுவிட்டது.

"மூத்தவன் நான்."

"போடா, நான்தான் முதல்ல பிறந்தேன்!"

"கையை விடுடா!"

"நீ விடுடா!"

விட்டால்தானே! அவன் இழுக்க, இவன் இழுக்க, கைகள் நீண்டு சுருங்கி ஆடின. பக்கத்து ஜோடிக்கும் ரோஷம் வந்துவிட்டது. ஊற்றிய சூட்டில் ஒரு பங்கு இழுபறிக்கே போய்விட, மிச்சம்தான் ஓட்டத்துக்கு.

நெருப்பு திகைத்தது. "என்ன தாயி இது? அகப்பை அகப்பையா ஊத்துறேன், ஏற மாட்டேங்குதே! எங்கேதான் போகுது?"

"அண்ணன் தம்பி சண்டைக்குப் போகுது. நீங்க ஊத்துங்க!" என்றாள் மாரக்காள். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

விறகு தீர்ந்தது. பானைகள் செக்கச்செவேலென்று வெந்து வந்தன. கழுத்துக் கோணிய பானையை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் அவளே வைத்துக்கொண்டாள். காற்று ஆறியதும் சண்டையும் ஓய்ந்தது. குளிரில் யாருக்கு ரோஷம் வரும்? சூடு ஏறினால் மறுபடியும் ஆரம்பித்துவிடும்.

குளிர்ந்த காற்று பழையபடியே ஒரு படி ஏற ஒரு அகப்பையோடு திருப்தியடைகிறது; அன்று முதல்தான் சூடு ஏற ஏற, அதே ஒரு படிக்குக் கூடுதலாகக் கேட்கிறது. மூத்தவன் யார் என்பது இன்னும் முடிவாகவில்லை. முடிவு சொல்ல நீங்களும் போய்விடாதீர்கள். அப்புறம் நம் பானையெல்லாம் என்னாவது?