இலைக்கள்ளி இலை போட்டு வைத்த கதை

அந்தக் காலத்தில், கல்லும் புல்லும் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தபோது, கள்ளிகளுக்கெல்லாம் இலை இருந்தது. பேருக்கு ஒன்றிரண்டு இல்லை. வெற்றிலை அகலத்துக்கு, பச்சைப்பசேலென்று உடம்பெல்லாம் இலை. முள் என்றால் என்னவென்றே கள்ளிச் சாதிக்குத் தெரியாது. நம்ப முடியவில்லையா? நம்பாமலே கேளுங்கள், கதைக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

மலையடிவாரத்துச் செம்மண் மேட்டில் அக்கா தங்கை மூன்று பேர் இருந்தார்கள். மூத்தவள் சதுரக்கள்ளி, வாய் கொஞ்சம் நீளம். நடுவிலுள்ளவள் சப்பாத்திக்கள்ளி, அசையவே யோசிப்பாள். கடைக்குட்டிக்குத் தனியாகப் பேர் வைக்க யாருக்கும் நேரமில்லை, சின்னவள் என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

வருஷம் தவறாமல் அந்த மேட்டுக்கு ஒரு விருந்தாளி வருவார். அவர்தான் கார்மேகம். வந்து மேட்டைக் குளிரக் குளிர நனைத்துவிட்டு, ஒரு வாய் சாப்பிட்டுத்தான் கிளம்புவார். அவருக்கு இலை போடுவது சின்னவள். தன் இலையை விரித்து, தன் பழத்தை வைத்து, அவர் சாப்பிட்டு முடிக்கிறவரை பக்கத்திலேயே நிற்பாள். “உன் பழத்துப் புளிப்பு நாக்குலயே நிக்குது புள்ள” என்பார் அவர். அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டு அடுத்த மழை வரைக்கும் ஓட்டிவிடுவாள். மனசு அவரிடம் போய்விட்டது, வேறென்ன!

ஒரு வருஷம் அவர் வந்து உட்காரக்கூட இல்லை, மேல்காற்று வந்து தோளைத் தொட்டது. “கிழக்கே ஒரு சீமையே தண்ணியில்லாமக் கெடக்கு. கிளம்பும், கிளம்பும்” என்று அவசரப்படுத்தியது. சின்னவள் அதற்குள் இலை போட்டுவிட்டாள்.

“ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க மாமா.”

“இருக்கட்டும் புள்ள, வரேன்.”

அவ்வளவுதான், போய்விட்டார். சின்னவளுக்கோ முகமெல்லாம் சிரிப்பு.

“கேட்டியாக்கா? இலை இருக்கட்டும்னு சொல்லிட்டார். வந்து சாப்பிடுவாராம்.”

மூத்தவள் தலையில் அடித்துக்கொண்டாள். “அடி கூறுகெட்டவளே! கிளம்புறவங்க வாயில ‘போறேன்’னு வரலாமா? அபசகுனம்னு ‘வரேன்’னு சொல்றது நம்ம வழக்கம்டி. அதுக்கு வர்றார்னு அர்த்தமா?”

“அவர் சொன்னது ‘வரேன்’தானே?” என்றாள் சின்னவள். அதற்கு மேல் அவளிடம் யார் பேச முடியும்!

மறுவருஷம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வருஷமும் வரவில்லை. மூன்றாம் வருஷம் வெயில் மேட்டிலேயே வந்து குடியேறிவிட்டது. கொடுமைக்காரனானாலும் அவன் ஒன்றை ஒளிக்காமல் சொன்னான்: “உங்க உடம்புத் தண்ணி எல்லாம் இலை வழியாத்தான் எங்கிட்ட வருது. இலையை உதிர்த்தா பிழைப்பீங்க. வச்சிருந்தா காய்ஞ்சு சாவீங்க. அப்புறம் சொல்லலைன்னு சொல்லக்கூடாது.”

மூத்தவள் ஒரே உலுக்கில் எல்லாவற்றையும் உதிர்த்தாள். அசையாத நடுவிலுள்ளவள்கூட அன்றைக்கு அசைந்தாள். இருந்த தண்ணீரை உடம்புக்குள் அடைத்துக்கொண்டு, ஆடு மாடு கடிக்காமலிருக்க இலை இருந்த இடமெல்லாம் முள்ளை வைத்துக்கொண்டார்கள். சின்னவள் மட்டும் இலையும் தானுமாக நின்றாள். ஓரமெல்லாம் கருகத் தொடங்கிவிட்டது.

“உதிர்த்துருடி. கண்ணு முன்னால நீ கருகறதைப் பார்க்க முடியல” என்று மூத்தவள் அழுதேவிட்டாள்.

“வர்றவருக்கு வெறுந்தரையிலயா சோறு போடுறது? போக்கா” என்றாள் சின்னவள்.

அப்போதுதான் ஆடு மேய்க்கிற சடைச்சி அந்தப் பக்கம் வந்தாள். வயிறு ஒட்டிக் கிடந்தது. இலையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். “தாயி, ரெண்டு இலை பறிச்சுக்கட்டுமா? வீட்ல அடுப்புல வைக்க ஒண்ணுமில்ல.”

சின்னவள் யோசிக்கவே இல்லை. “பறிச்சுக்க. அவருதான் எங்க எந்தப் பசியில இருக்காரோ! போட்ட இலையில யாராச்சும் பசியாறட்டும். துளிரை மட்டும் விட்டுரு, அவர் வந்தா வேணும்.”

சடைச்சி அதை உப்புப் போட்டு வதக்கினாள். பசலை மாதிரி வழவழவென்று இறங்கியது, பிள்ளைகள் சட்டியை வழித்துத் தின்றார்கள். பறித்த இடத்தில் ஒன்றுக்கு இரண்டாகத் துளிர்த்ததில் சின்னவளுக்கும் உயிர் நின்றது. பிறகு சடைச்சி அடிக்கடி வந்தாள், சின்னவள் யாருக்காகக் காத்திருக்கிறாள் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டாள். ஒருநாள் ஓடி வந்தாள்.

“தாயி, மலை மேலேருந்து பார்த்தேன். கிழக்கே தூரத்துல கறுப்பா ஒண்ணு நிக்குது. உங்க ஆளுதான் போல.”

சின்னவளால் இருக்க முடியவில்லை. மேட்டில் நின்றால் புதர்தான் தெரிகிறது, கிழக்கு எங்கே தெரிகிறது? பக்கத்திலிருந்த வாகை மரத்தைக் கெஞ்சினாள். “அண்ணே, கொஞ்சம் தோள் குடுங்க. அவரைப் பார்க்கணும்.”

“உங்க வீட்டு ரோதனை எனக்கெதுக்கு?” என்று வாகை முனகியது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி, ஏறித் தொலை. பிறாண்டாம ஏறு” என்றது.

முள்ளே வேண்டாமென்றிருந்தவள், ஏறுவதற்காக இலைக்கு இரண்டு கொக்கி முள்ளை வைத்துக்கொண்டாள். அதை மாட்டி மாட்டி, உடம்பைக் கொடியாக இழுத்து இழுத்து, மாதக்கணக்கில் ஏறி உச்சிக்குப் போய்ச் சேர்ந்தாள்.

ஒரு காலையில் கார்மேகம் அந்த வழியாக வந்தார். பாதியாக இளைத்திருந்தார். மரத்துச்சியில் அவளைப் பார்த்ததும் பதறிப்போய், கையிலிருந்த நாலு தூறலைத் தெளித்தார். அது போதாதா அவளுக்கு? உடம்பு முழுக்க வெள்ளைப் பூவாகப் பூத்துவிட்டாள். எலுமிச்சை வாசம் மேட்டையே தூக்கியது.

“இலை போட்டபடியே இருக்கு மாமா. உட்காருங்க.”

“நிக்க முடியல புள்ள. காத்து விடமாட்டேங்குது. இனிமே எனக்குக் கிழக்கேதான் இருப்பு.”

சின்னவள் போட்டு வைத்த இலையை ஒருமுறை பார்த்தாள். பிறகு சொன்னாள்: “அப்ப ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். வரேன்னு சொல்லாதீங்க. ‘போறேன்’னு வாய் திறந்து சொல்லிடுங்க. நானும் இலையை உதிர்த்துட்டு அக்காமாரு மாதிரி நிம்மதியாக் கெடந்துக்கறேன். என்னால முடியல மாமா.”

கார்மேகம் நல்லவர். அவளைக் காப்பாற்ற அந்தச் சொல் வேண்டுமென்றால் சொல்லிவிடுவது என்று துணிந்தார். கண்ணை மூடிக்கொண்டு, “போ...” என்று ஆரம்பித்தார்.

“ஐயோ, வேணாம்! சொல்லாதீங்க! சொல்லிடாதீங்க மாமா!”

அவர் வாயை மூடிக்கொண்டார். பிறகு ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார்.

“என்னடி சொல்லிட்டுப் போறார்?” என்று கீழேயிருந்து மூத்தவள் கத்தினாள்.

“ஒண்ணும் சொல்லலக்கா.”

“சொல்லிக்காமப் போறது எழவு வீட்ல இருந்துதாண்டி! இன்னுமா உனக்கு உறைக்கல? உதிர்த்துட்டு இறங்கு!”

“போறேன்னு சொல்லலையேக்கா” என்றாள் சின்னவள்.

சாயங்காலத்துக்குள் பூவெல்லாம் உதிர்ந்துவிட்டது. இலை ஒன்றுகூட உதிரவில்லை.

அன்று முதல்தான் கள்ளி இனத்தில் இலைக்கள்ளி கொக்கி முள்ளால் மரம் பற்றி மேலே மேலே ஏறுகிறாள், ஒரே ஒரு நாள் பூக்கிறாள், பறிக்க வருகிறவர்களுக்கெல்லாம் கீரை கொடுக்கிறாள், காய்க்கிற ஒவ்வொரு பழத்தின் மேலும் சின்னதாக ஓர் இலையைப் போட்டு வைத்துக்கொண்டு கிழக்கே பார்த்து நிற்கிறாள்.