எரிந்த எண்ணெய்ச் சட்டியும் யானையின் தண்ணீரும்

மூங்கில் காட்டில் முயல் வீட்டுக் கல்யாணம். அதிரசம் சுடும் பொறுப்பை முள்ளம்பன்றி செங்கமலம் ஏற்றுக்கொண்டாள். தன் வளை வாசலிலேயே அடுப்பு மூட்டி, பெரிய இரும்புச் சட்டியில் எண்ணெய் காய வைத்தாள். வளைக்குள் அவளுடைய குட்டிகள் தூங்கிக்கொண்டிருந்தன.

மரத்திலிருந்த குரங்குகளுக்குத்தான் பொறுமையே கிடையாதே! அவள் மாவு எடுக்கத் திரும்பிய நேரம் பார்த்து, எண்ணெய் சீக்கிரம் காயட்டும் என்று அடுப்பில் காய்ந்த ஓலையைத் திணித்துவிட்டன. சட்டி புகைந்தது. பிறகு எண்ணெயே பற்றிக்கொண்டது!

"ஐயையோ, தீ! கொம்பன் அண்ணே, ஓடி வாங்க!"

கொம்பன் யானைக்கு அந்தக் காட்டில் பெரிய பேர். எங்கே தீப்பிடித்தாலும் ஆற்றுத் தண்ணீரை உறிஞ்சி வந்து அணைப்பவன் அவன்தான். இப்போதும் தும்பிக்கை நிறையத் தண்ணீரோடு தடதடவென்று வந்தான்.

செங்கமலம் முள்ளையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு குறுக்கே பாய்ந்தாள்.

"ஊத்தாதீங்க!"

"பைத்தியமா உனக்கு? உள்ளே உன் குட்டிங்க இருக்கு! தள்ளு!"

"அதுக்காகத்தான் சொல்றேன். என்னை மிதிச்சுட்டு வேணும்னாலும் போங்க. தண்ணி மட்டும் விழக்கூடாது!"

"அவ கிடக்கா! ஊத்துங்க அண்ணே!" என்று குரங்குகள் கத்தின. விவரம் தெரியாதவர்களுக்குத்தான் வாய் பெரிசு.

யானை ஆத்திரத்தோடு தும்பிக்கையைத் தூக்கினான். நுனியிலிருந்து நாலு சொட்டு சட்டியில் தெறித்தது. படார்! தீ யானை உயரத்துக்கு எழும்பியது. கொதிக்கும் எண்ணெய் செங்கமலத்தின் முதுகைச் சுட்டது. அவள் நகரவில்லை.

"நாலு சொட்டுக்கே இந்தக் கதி! முழுசா ஊத்தினா எரியிற எண்ணெய் என் வளைக்குள்ளே பாயும். தண்ணியை அந்தப் பக்கம் கொட்டுங்க. சட்டி மூடியைத் தூக்கி மூடுங்க. எரியிற சட்டி மேலே என்னால அதைத் தூக்கி வைக்க முடியாது!"

எரியும் தீயைப் பார்த்துக்கொண்டே தண்ணீரை வீணாகக் கொட்டுவதா? கொம்பன் வாழ்க்கையில் செய்யாத காரியம்! ஆனாலும் அவள் கண்ணைப் பார்த்தான். திரும்பி, தண்ணீரைப் புதரில் கொட்டினான். இரும்பு மூடியைத் தூக்கிச் சட்டியை அழுத்தி மூடினான். செங்கமலம் விறகை வெளியே இழுத்தாள். காற்றில்லாமல் தீ அடங்கிப்போனது.

குட்டிகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தன. "அம்மா, அதிரசம் ஆச்சா?"

யானை அவற்றைத் தும்பிக்கையால் வருடினான். "இதுங்களை நானே கொன்னிருப்பேனே, தங்கச்சி!" என்றான்.

உதவ ஓடுகிறவர் தன் கையில் இருப்பதைக் கொட்டுவதற்கு முன், ஆபத்தில் நிற்பவர் கேட்பது என்ன என்று காதுகொடுத்துக் கேட்க வேண்டும்.