சரியாகத் தொட்டவர் உட்கார வேண்டும்

அருளப்பன் சாரால் அன்று மதியச் சாப்பாட்டை முடிக்க முடியவில்லை. டப்பாவை மூடிவிட்டு நூர்ஜகான் டீச்சரைத் தேடிப் போனார். டீச்சர் அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும், உடம்பை அசைத்து ஆடும் வீடியோ கேமை வைத்துக் கணக்கு சொல்லித்தர அவரிடம்தான் சார் பழகிக்கொண்டிருந்தார்.

“தன்ஷிகாவை என்ன செய்றதுன்னே தெரியல டீச்சர்.”

“என்ன ஆச்சு?”

“எல்லாமே தப்பு. திரையில கூட்டல் கணக்கு வருது. பலூன்ல விடைகள் மிதக்குது. சரியானதை விட்டுட்டு மத்ததையெல்லாம் எகிறி எகிறித் தொடுறா. அவ அம்மாவை வரச் சொல்லியிருக்கேன். மறுபடி ஒண்ணாம் வகுப்புலயே உட்கார வைக்கலாம்னு.”

“எப்ப வர்றாங்க?”

“சாயங்காலம்.”

டீச்சர் எழுந்துவிட்டார்.

சாரின் இரண்டாம் வகுப்பில் பிள்ளைகள் சாப்பிட்டுத் திரும்பியிருந்தார்கள். அங்கே டிவிக்கு மேலே சின்ன கேமரா இருந்தது. முன்னால் நிற்கும் பிள்ளை கையை வீசினால் திரையில் அதன் நிழலும் வீசும். சரியாகத் தொட்டவர் போய் உட்கார வேண்டும், தவறினால் மறுபடி ஆடலாம் என்பது சார் வைத்த விதி. தடுமாறுகிற பிள்ளைக்கு இன்னும் கொஞ்ச நேரம் கிடைக்கட்டுமே என்று வைத்தது.

தன்ஷிகா வந்து நின்றாள். ஐந்தும் நான்கும். பதினொன்றின் மேல் பாய்ந்தாள். ‘பே’ என்று கத்தியது டிவி. ஆறும் இரண்டும். ஐந்தைத் தட்டினாள். வரிசையில் நின்ற பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். சாருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“பாத்தீங்களா டீச்சர்?”

டீச்சர் தன்ஷிகாவின் அருகே போய்க் குனிந்தார்.

“இப்ப ஒரு மாத்தம். சரியாத் தொட்டா நீ ஆடிக்கிட்டே இருக்கலாம். தப்பினா போய் உட்காரணும்.”

அவள் தலையாட்டினாள்.

எட்டும் ஐந்தும். பதின்மூன்றை எட்டிப் பிடித்தாள். ஒன்பதும் ஆறும். பதினைந்து. கைதட்டல் கேட்டது, அவள் நிற்கவில்லை. இடது கை, வலது கை, தலை, ஒரு தடவை காலால்கூட. ஜடை அவிழ்ந்தது. ஒன்றும் தப்பவில்லை.

முணுமுணுப்பு நின்றுபோனது.

மூச்சிரைக்க நின்றவளிடம் டீச்சர் கேட்டார்.

“வீட்ல இப்படிக் குதிப்பியா?”

“மாடி வீடு டீச்சர். குதிச்சா ஹவுஸ் ஓனர் கீழேர்ந்து கத்துவாரு.”

“வகுப்புல?”

அவள் சாரைப் பார்த்தாள். பிறகு ஒரு கையைக் கட்டி, மறு கையின் விரலை வாய்மேல் வைத்துக்கொண்டாள்.

சாரால் அங்கே நிற்க முடியவில்லை. ஜன்னல்வரை போனார். திரும்பி வந்தார்.

“அவ அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்,” என்றார். “ஆனா பெல் அடிச்சா டிவியை நிறுத்தியாகணுமே டீச்சர். அப்புறம் இவளை என்ன செய்ய?”

“டிவியை மட்டும் நிறுத்துங்க சார்.”